தரைக்குப் போடும் விளக்கு

காருக்கு அடியில் கலர் லைட் போட ஆசைப்படுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் விளக்கைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எத்தனை கலர் வரும், எத்தனை மோடு இருக்கு, ரிமோட்டா ஆப்பா, பாட்டுக்கு ஏத்த மாதிரி ஆடுமா. தரையைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை. எனக்கு இதில் ஆசை வந்ததே தரையால்தான்.

இரவில் நிற்கிற காரின் கீழ்ப்பாதி இருட்டில் கரைந்துபோய்க் கிடக்கும். டயர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த இடத்தில் மெல்லிசாக ஒரு ஒளியை விரித்துவிட்டால், டயருக்குப் பின்னால் வெளிச்சம் நின்று சக்கரத்தின் வட்டம் முழுசாகத் தெரிகிறது. கதவுக்குக் கீழே இருக்கிற மடிப்புகள் கீழிருந்து ஒளி வாங்குகின்றன. சிமெண்டுத் தரையின் சொரசொரப்பு, அதில் கிடக்கிற ஒரு வேப்பிலை, எல்லாம் கண்ணுக்கு வருகிறது. வண்டி தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பி நிற்கிற மாதிரி இருக்கும். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் வெளிச்சம் தெரிய வேண்டும், விளக்கு தெரியக்கூடாது. குனிந்து எட்டிப் பார்க்கிறவர் கண்ணில் மட்டும்தான் பல்பு படலாம். இந்த வேலை நன்றாக வந்திருக்கிறதா இல்லையா என்பதற்கு நான் வைத்திருக்கிற சோதனை அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் நிறைய வண்டிகள் இந்தச் சோதனையில் தேறாது. பம்பரின் விளிம்பில் ஸ்ட்ரிப்பை ஒட்டி, எல்இடி ஒவ்வொன்றும் புள்ளி புள்ளியாக எதிரே வருகிறவர் கண்ணைக் குத்தும்படி விட்டுவிடுகிறார்கள். அதோடு அது நிமிடத்துக்கு ஏழு கலர் மாறும். பார்க்கிறவருக்குக் கார் நினைவில் நிற்காது, மினுக்கல்தான் நிற்கும்.

என் வயதுக்காரர்களுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பதில் சந்தேகமே இல்லை. 2001-இல் வந்த ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃப்யூரியஸ்’ படத்தில் பச்சை மிட்சுபிஷி எக்லிப்ஸ் ஒன்று, வயிற்றுக்கடியில் பச்சை வெளிச்சத்தோடு வரும். அடுத்து 2003 கடைசியில் ‘நீட் ஃபார் ஸ்பீடு: அண்டர்கிரவுண்டு’ விளையாட்டு வந்தது. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், பந்தயத்தில் ஜெயித்து அந்தக் காசில் வண்டிக்கு அடியில் நியான் வாங்கிப் போடலாம். அந்த விளையாட்டில் பந்தயம் எல்லாமே இரவில்தான். தெருக்கள் எப்போதும் மழை பெய்து ஓய்ந்த மாதிரி பளபளவென்று இருக்கும். அதனால்தான் அந்த வெளிச்சம் அவ்வளவு அழகாகத் தெரிந்தது என்பது எனக்குப் பின்னாளில்தான் உறைத்தது.

ஆனால் நிஜத் தெருவில் ஈரம் வேறு வேலை செய்கிறது. காய்ந்த சிமெண்டோ தாரோ, மேல்பரப்பு கரடுமுரடு. விழுகிற ஒளியை நாலாப்பக்கமும் சிதறடித்து, மெத்தென்று பரப்பிவிடும். அதே இடத்தில் தண்ணீர் படிந்தால் அது கண்ணாடி. கண்ணாடியில் ஒளி பரவாது, பிம்பம்தான் விழும். வண்டிக்கடியில் மறைத்து வைத்த ஸ்ட்ரிப்பின் ஒவ்வொரு எல்இடியும் தரையில் தலைகீழாகத் தெரியும். மீட்டருக்கு 60 எல்இடி உள்ள ஸ்ட்ரிப்பில் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் இடைவெளி. மழை நாளில் அந்தப் புள்ளிகளை ஒன்று விடாமல் எண்ணிவிடலாம். விளையாட்டில் காட்டியது புள்ளிகள் இல்லாமல் ஒரே கோடாக எரிகிற குழாய் விளக்கு. அதன் பிம்பமும் ஒரே கோடாகத்தான் விழும். ஸ்ட்ரிப்புக்கு முன்னால் ஒளியைக் கலைத்துவிடும் ஒரு மூடி வேண்டும் என்று முடிவு செய்தது இதை நேரில் பார்த்த பிறகுதான்.

அந்தக் குழாய் விளக்குக்கும் காருக்கும் உள்ள உறவு நூறு வருஷத்துக்கு மேல் பழையது. நியான் வாயுவை 1898-இல் லண்டனில் வில்லியம் ராம்சேயும் மாரிஸ் டிராவர்ஸும் திரவமாக்கிய காற்றிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து விளக்காக முதன்முதலில் பொதுமக்களுக்குக் காட்டியவர் பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் கிளாட். காட்டிய இடம் 1910 டிசம்பரில் பாரிஸில் நடந்த மோட்டார் கண்காட்சி! இதைப் படித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கார் பார்க்க வந்த கூட்டம்தான் உலகத்தில் முதன்முதலாக நியான் வெளிச்சத்தையும் பார்த்திருக்கிறது.

பழைய காலத்து கார் கிட்டுகளில் அசல் கண்ணாடிக் குழாய்தான் இருந்தது. சுத்தமான நியான் செஞ்சாந்து நிறத்தில் மட்டும்தான் எரியும். நீலம், பச்சை எல்லாம் ஆர்கானும் சிறிது பாதரசமும் கலந்து, குழாயின் உள்பக்கம் பூச்சு பூசி வரவழைப்பவை. பேட்டரியின் 12 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றுகிற டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று கூடவே வேண்டும். நம் ஊர் ஸ்பீடு பிரேக்கருக்கும் தெறிக்கிற ஜல்லிக்கும் கண்ணாடி எத்தனை நாள் தாங்கும்? இன்று கடையில் கிடைப்பது எல்லாமே எல்இடி. அதற்கும் நீலத்துக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. சிவப்பும் பச்சையும் முன்பே வந்துவிட்டன. பிரகாசமான நீல எல்இடி 1990-களின் தொடக்கத்தில்தான் கைகூடியது. அதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. நீலம் வராமல் இருந்திருந்தால் இன்று ரிமோட்டில் அமுக்குகிற வெள்ளையும் இல்லை, ஊதாவும் இல்லை.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி, காருக்கான சாமான் விற்கும் ஜி.பி. ரோடும் மின்னணுச் சாமான் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டும் அண்ணா சாலையை ஒட்டியே இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். ஜி.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர் பெட்டியைப் பிரித்துக் காட்டிக்கொண்டே போனார்.

“மியூசிக் மோடு இருக்கு சார். ஆப்லயே கலர் மாத்திக்கலாம். போற வேகத்துக்கு ஓடற மாதிரிகூட வெச்சுக்கலாம்.”

“ஒரே கலர்ல, ஆடாம அசையாம எரியற மாதிரி ஏதாவது இருக்காண்ணே?”

அவர் பெட்டியை மூடிவிட்டார். “அதுக்கு எதுக்கு சார் கிட்டு? ரிச்சி ஸ்ட்ரீட்ல போயி சிலிக்கான் பைப்பு வெச்சது ரோலா கேளுங்க. மீட்டர் கணக்குல வெட்டித் தருவாங்க.”

தன் சரக்கைத் தள்ளிவிடாமல் சரியான கடைக்குக் கைகாட்டிய அந்த மனிதரிடம் மரியாதையாக ஒரு ரீல் ஃப்ளெக்ஸிபிள் ஓஸ் வாங்கிக்கொண்டு நடந்தேன். அவர் சொன்னது பால்வெள்ளை சிலிக்கான் உறைக்குள் எல்இடி ஸ்ட்ரிப் பதித்து வருவது. கடைகளில் நியான் ஃப்ளெக்ஸ் என்பார்கள். புள்ளிகளை உறை விழுங்கிவிடும், வெளியே ஒரே கோடு. நான் எடுத்தது 12 வோல்ட்டு, ஆம்பர் நிறம். இரண்டு பக்கமும் 120 செ.மீ., முன்னும் பின்னும் 90 செ.மீ.; எல்லாம் சேர்த்து 4.2 மீட்டர். மொத்தம் 40 வாட் அளவில் வருகிறது, அதாவது மூன்றரை ஆம்பியருக்குள். ஐந்து ஆம்பியர் ஃப்யூஸ் போதும்.

கணக்கு என்று வந்த பிறகு முழுசாகவே பேசிவிடலாம். வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

எனக்குத் தம்பி முறையாகிற ஒரு பையன், ஒரு கடையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உள்ள ஆர்ஜிபி ஸ்ட்ரிப் மாட்டிக்கொண்டு வந்து காட்டினான். வெள்ளை வைத்துப் பார்க்கச் சொன்னான். முன் பம்பரில் வெள்ளை வெள்ளையாகத்தான் இருந்தது. டிரைவர் பக்கத்துக் கதவுக்குக் கீழே லேசாக மங்கல். பின் பம்பருக்குப் போனால் ரோஜாப்பூ நிறம். “எல்இடி டூப்ளிகேட்டாண்ணா?” என்றான். எல்இடி-யில் குறை இல்லை. நான்கு துண்டையும் ஒன்றின் வாலில் இன்னொன்றாகக் கோத்து, மெல்லிய ஒயரில் ஓட்டியிருந்தார்கள். 12 வோல்ட்டு ஸ்ட்ரிப்பில் மூன்று மூன்று எல்இடியாகத் தொடரில் இருக்கும், கூட ஒரு ரெசிஸ்டர். நீலத்துக்கு ஒன்றுக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும். மூன்றுக்கு 9-க்கு மேல். சிவப்புக்கு 2 வோல்ட் போதும், மூன்றுக்கு 6. போகப் போக ஒயரில் ஒன்றிரண்டு வோல்ட் இறங்கிவிட்டால் சிவப்புக்கு இன்னும் கையிருப்பு இருக்கிறது, நீலத்துக்கும் பச்சைக்கும் இல்லை. அவை இரண்டும் மங்க, சிவப்பு மட்டும் தூக்கலாக நிற்கிறது. கோத்திருந்ததைப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் கண்ட்ரோலரிலிருந்து தனித்தனியாகக் கொஞ்சம் தடித்த ஒயர் இழுத்தோம். பின் பம்பரும் வெள்ளைக்கு வந்துவிட்டது. பையன் அங்கேயே உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம், ஆனால் யாரும் பேசுவதில்லை. 12 வோல்ட் என்று அச்சடித்திருந்தாலும் இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14-க்கு மேல் கொடுக்கும். மேலே சொன்ன நீலக் கணக்கையே போட்டுப் பாருங்கள். 12 வோல்ட்டில் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 2.7. 14.4 வந்தால் 5.1. ரெசிஸ்டரில் மின்னழுத்தம் இரட்டிப்புக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டால், எல்இடி-யில் ஓடும் கரண்டும் அதே அளவு ஏறும். உறைக்குள் அடைபட்ட சூட்டில் நீலமும் பச்சையும் முதலில் வெளிறி, ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். ஆறு மாதத்தில் லைட் போய்விட்டது என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்கள் பலர் உண்டு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் 12 வோல்ட்டில் நிறுத்திப் பிடிக்கிற சின்ன ரெகுலேட்டர் கிடைக்கிறது, அதை நடுவில் போட்டுவிட்டால் ஸ்ட்ரிப் அதன் ஆயுசுக்கு எரியும்.

பாசிட்டிவ் எங்கிருந்து எடுப்பது? பேட்டரியில் நேராக மாட்டினால் சுலபம் என்பார்கள். ரிமோட் கிட்டு விளக்கை அணைத்த பிறகும் ரிமோட்டின் குரலுக்காகக் காதை வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டு குடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் செல்ஃப் அடிக்காமல் போகலாம். ஃப்யூஸ் பாக்ஸில், சாவியை ஏசிசி-க்குத் திருப்பினால் மட்டும் உயிர் வருகிற ஒரு ஃப்யூஸை டெஸ்ட் லேம்ப் வைத்துக் கண்டுபிடித்து, அதிலிருந்து கிளை எடுத்துத் தருகிற ஃப்யூஸ் டேப்பைச் செருகுவதுதான் முறை. காரின் சொந்த ஒயரைச் சுரண்டி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுகிற பழக்கத்தை எவ்வளவு சொன்னாலும் சிலர் விடுவதில்லை. வாரண்டி போவது ஒரு பக்கம். டேப் பிசின் வெயிலில் இளகி, ஒயர் வெளியே வந்து பாடியில் உரசினால் தீ பிடிக்கலாம்.

வேலைக்குப் போகுமுன் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் என் ஒயரிங் முழுக்க அதை வைத்துத்தான் போட்டது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படி கட்டமைப்பில் கை வைப்பதுதான் மாற்றம் என்று அந்தப் பிரிவே விளக்கமும் தருகிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்சநீதிமன்றம் இதைக் கறாராக உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாமல் மாற்றம் செய்கிற உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவு வந்தது. ஒரு ஸ்ட்ரிப் ஒட்டுவது கட்டமைப்பு மாற்றமா என்று வாதாட இடம் இருக்கலாம். ஆனால் விளக்குக்குத் தனி விதி இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 108-இன்படி முன்பக்கம் சிவப்பு தெரியக்கூடாது, பின்பக்கம் சிவப்பைத் தவிர வேறு நிறம் தெரியக்கூடாது; இண்டிகேட்டர், ரிவர்ஸ், நம்பர் பிளேட் விளக்கு மாதிரி சிலவற்றுக்குத்தான் விலக்கு. நீலமும் சிவப்பும் மினுக்கினால் ஆம்புலன்ஸ் என்று நினைத்து ஒதுங்குகிறவரும் இருக்கிறார். அமைச்சர்களின் காரிலிருந்தே சுழல் விளக்கை 2017 மே முதல் தேதியோடு கழற்றிவிட்டார்கள்.

கேரளப் பக்கம் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2022 அக்டோபரில் பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில், சுற்றுலாப் பேருந்து ஒன்று அரசுப் பேருந்தின் மேல் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள், அதில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். வேகம்தான் காரணம். ஆனால் அதற்குப் பிறகு அங்கே மோட்டார் வாகனத் துறை வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் செய்த தில்லுமுல்லோடு அலங்கார விளக்குகளையும் சேர்த்தே பிடித்தது. அதை நான் தவறாக நினைக்கவில்லை. இரவில் நெடுஞ்சாலையில் பைக்கில் வருகிறவருக்கு முன்னால் போகிற வண்டியின் பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் தெளிவாகத் தெரிந்தால்தான் உயிர். அவற்றைச் சுற்றி நாலு கலர் ஓடினால் அவர் எதைப் பார்ப்பார்?

ஆகவே என் வண்டியில் இந்த விளக்கு ஓடும்போது எரியாது. எரியவிடுவதில்லை என்று மனசுக்குள் முடிவு எடுத்துவைத்தால் போதாது, எரியவே முடியாதபடி ஒயரிங் செய்திருக்கிறேன். ஹேண்ட் பிரேக் லீவருக்கு அடியில் ஒரு மைக்ரோ ஸ்விட்ச். லீவரை மேலே இழுத்தால் ரிலே மூடும், இறக்கினால் விட்டுவிடும். ஹேண்ட் பிரேக்குக்கு என்று காரிலேயே ஒரு ஸ்விட்ச் இருக்கத்தான் செய்கிறது, அதன் ஒயரில் மாட்டிவிடலாம் என்று யோசனை சொன்னார்கள். பல வண்டிகளில் பிரேக் ஆயில் குறைந்தால் எரிகிற எச்சரிக்கையும் அதே ஒயரில்தான் வருகிறது. அதில் நான் கை வைக்க மாட்டேன்.

மாட்டுகிற வேலையை ஒரு வாட்டர் சர்வீஸ் கடையின் லிஃப்டில் செய்தோம், மாலையில் வண்டி வரத்து ஓய்ந்த பிறகு. டயர் மாற்றுகிற ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் யாரும் தலையை விடக்கூடாது. லிஃப்ட் இல்லையென்றால் ஸ்டாண்டு வைத்தாக வேண்டும். கூட இருந்தவர் எங்கள் தெருமுனையில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை வைத்திருக்கிற அண்ணன். முதலில் அடிப்பக்கம் முழுக்கப் பிரஷர் வாஷ், பிறகு காயவிட்டு, ஒட்டுகிற இடத்தை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்தோம். துணி மூன்று முறை கறுத்தது.

இங்கே ஒரு விஷயம். காரின் அடிப்பாகத் தகட்டில் ரப்பர் மாதிரி ஒரு பூச்சு இருக்கும், எந்த நல்ல டேப்பும் அதில் நிலைக்காது. வெயிலில் ஒட்டின மாதிரி இருந்து, முதல் மழைக்குத் தொங்கும். அதற்காகத் தகட்டில் ஓட்டை போட்டால் அந்த ஓட்டை வழியாகத் துரு ஏறும். பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடியின் உள்விளிம்பு இருக்கிற வண்டி என்றால் அதிர்ஷ்டம். அதில் அலுமினியச் சேனலை சின்ன ஸ்குரூவில் இறுக்கி, சேனலுக்குள் சிலிக்கான் பைப்பை அமுக்கிவிடலாம். அப்படித்தான் செய்தோம். விளிம்பிலிருந்து நான்கு விரற்கடை உள்ளே தள்ளி, முகம் லேசாக உள்பக்கம் சாய்ந்தபடி. உள்ளே தள்ளத் தள்ளப் பல்பு மறையும். ரொம்ப உள்ளே போனால் ஒளி வண்டிக்கடியிலேயே அடங்கிவிடும். அண்ணன் தெர்மாகோல் துண்டில் ஸ்ட்ரிப்பைக் குத்தி, வெளியே நின்று நான் சொல்லச் சொல்ல நகர்த்தினார். “இன்னும் கொஞ்சம் உள்ள... போதும், போதும்ணே” என்று நிறுத்திய இடத்தில் மார்க்கரால் கோடு.

ஜாக்கி வைக்கிற இடத்தில், விளிம்பில் இரண்டு வெட்டு அடையாளம் இருக்கும். அங்கே ஸ்ட்ரிப் குறுக்கே போகக்கூடாது. அடுத்த தடவை பஞ்சர் பார்க்கிறவர் அதைப் பார்த்து ஜாக்கி வைக்க மாட்டார். பின்பக்கம் சைலன்சரிலிருந்து ஒரு சாண் தள்ளி. பிரேக் பைப், பெட்ரோல் பைப் மேல் ஒயரைக் கட்டவே கூடாது. வேறு பிடிமானம் பார்க்க வேண்டும்.

எர்த்துக்கு அண்ணன் கொடுத்த நேரம்தான் எனக்குப் பிடித்தது. பாடியில் ஒரு போல்ட்டைக் கழற்றி, அடியில் இருந்த பெயிண்டை உப்புத்தாளால் வெள்ளித் தகடு தெரிகிற வரைக்கும் வட்டமாகத் தேய்த்தார். ரிங் லக்கை வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். “எல்லாரும் பாசிட்டிவ்வ பாத்துப் பாத்துப் போடுவாங்க தம்பி. கரண்டு திரும்பி வர்ற வழிய எவனும் பாக்கறதில்ல. மினுக்கு மினுக்குன்னு லைட்டு கண்ணடிச்சா நேரா எர்த்துல போயி பாரு.” ஈயம் வைத்த ஒவ்வொரு இணைப்பின் மேலும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏற்றி லைட்டரால் சுருக்கினார். உள்ளே கோந்து பூசிய ஸ்லீவைத்தான் வாங்க வேண்டும், சூட்டில் அது உருகி வாயை அடைத்துக்கொள்ளும். ஸ்ட்ரிப்பிலிருந்து ஒயர் வெளியே வருகிற முனைகளை சிலிக்கானால் அடைத்தோம். வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கான் செம்பை அரிக்கும், வாடை இல்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். ஐபி67, ஐபி68 என்று பெட்டியில் போட்டிருப்பதெல்லாம் நாம் வெட்டாத முனை வரைக்கும்தான்.

ஜி.பி. ரோட்டில் வாங்கிய ஓஸ் எதற்கு என்று கேட்டால், எலிக்கு. சென்னையில் கார் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் எலிக்கதை ஒன்று சொல்வார்கள். “ஒயர் எங்கெங்க போவுதுன்னு நம்மள விட எலிக்கு நல்லாத் தெரியும். ஓஸ் போட்டு மூடிடு, அரையடிக்கு ஒரு டை போடு” என்றார் அண்ணன். போட்டோம்.

நிறத்துக்கு வருகிறேன். நம் ஊர்த் தரைகளுக்கு ஆம்பர் மாதிரி வேறொன்றும் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் சாம்பல் நிற பேவர் பிளாக், ஊர்ப்பக்கம் செம்மண் வாசல், பழைய வீட்டில் ரெட் ஆக்சைடு தரை. செம்மண்ணில் நீல வெளிச்சம் விழுந்தால் மண் கறுத்து அழுக்காகத் தெரியும், ஏனென்றால் அந்த மண்ணிடம் திருப்பி அனுப்ப நீலம் இல்லை. பச்சையும் அப்படித்தான், பாசி பிடித்த மாதிரி. ஆம்பர் விழுந்தால் மண் தன் சொந்த நிறத்திலேயே இன்னும் செழித்துத் தெரிகிறது. சாம்பல் பேவர் பிளாக்கில் டர்க்காய்ஸும் நன்றாக இருக்கும், பார்த்திருக்கிறேன். வெள்ளைக் கார் என்றால் கதவின் கீழ்விளிம்பு தரையிலிருந்து திரும்புகிற நிறத்தை வாங்கிக்கொள்ளும். கறுப்புக் காரில் அது நடக்காது, ஆனால் பளபளப்பில் ஒரு கோடு ஓடும், அது வேறு அழகு. பிரகாசத்தையும் டிம்மரில் பாதிக்குக் கீழே இறக்கித்தான் வைத்திருக்கிறேன். பக்கத்து வண்டியில் ஏறுகிறவர் கண் கூசாமல் கடந்து போக வேண்டும்.

நான் எதிர்பார்க்காத பயன் ஒன்று கிடைத்தது. எங்கள் தெரு நாய்கள் நிற்கிற கார்களுக்கடியில்தான் படுக்கும். குட்டி போட்ட நாய் என்றால் டயரை ஒட்டியே சுருண்டு கிடக்கும், எத்தனை ஹாரன் அடித்தாலும் எழுந்திருக்காது. இப்போது இரவில் வண்டி எடுக்கும்போது ஏசிசி போட்டு, விளக்கைப் போட்டுவிட்டு ஒரு சுற்று நடந்து வருகிறேன். அடியில் ஒரு வால் இருந்தாலும் தெரிந்துவிடும். கீழ்வீட்டு அம்மாவின் பூனையையும் இப்படித்தான் கண்டுபிடித்து எழுப்பி அனுப்புகிறேன்.

பராமரிப்பு என்றால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பர் கடைசியில் ஒரு தடவை லிஃப்டில் ஏற்றி நான்கு முனைகளின் சிலிக்கானையும் எர்த் போல்ட்டையும் பார்த்துவிட வேண்டும். முழங்கால் தண்ணீரில் வண்டி போனால், அடுத்த நாளே கனெக்டர்களைப் பிரித்துக் காயவிட வேண்டும். இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது கூடுதலாக மாட்டிய மின்சாரச் சாமானுக்குப் பாலிசியில் தனிக் கட்டம் இருக்கிறது, அதில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

மாட்டும்போதே கழற்றுவதையும் யோசித்துக்கொள்ளுங்கள். என் வண்டியில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வாட்டர்ப்ரூஃப் கனெக்டர், ஃப்யூஸ் டேப் ஒன்று, மைக்ரோ ஸ்விட்ச் ஒன்று. பதினைந்து வருஷம் ஆகி மறுபதிவுக்கு ஆர்டிஓ ஆபீசுக்குப் போகும் நாளில் கனெக்டரைப் பிடுங்கி, சேனலை உருவி, ஃப்யூஸைப் பழைய இடத்தில் செருகினால் கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே நிற்கும். விற்கிற நாள் வந்தாலும் அப்படித்தான். ஸ்ட்ரிப்பைச் சுருட்டி அடுத்த காருக்கு எடுத்துக்கொண்டு போவேன். பக்கவாட்டுத் துண்டு 120 செ.மீ. எந்த ஹேட்ச்பேக்கிலும் இரண்டு சக்கரத்துக்கு நடுவே அடங்கும்.